துயரின் பின்னும் வாழ்ந்த பெண்கள்: மூன்று நாவல்கள் சொல்வது

நாவல் என்றால் பொழுது போகாதவர்கள் வாசிப்பது என்ற எண்ணம் எம்மிடையே இன்னும் இருக்கிறது. விடிந்தால் தண்ணீர், அடுப்பு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கூலிவேலை, கிழமைக்கொருமுறை கடன் கட்டும் நாள் என்று ஓடிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? அதிலும் யுத்தத்தில் கணவனையோ பிள்ளையையோ பறிகொடுத்த ஒருத்தியிடம் போய், இன்னொருத்தியின் துயரக் கதையை வாசியுங்கள் என்று சொல்வது நியாயமா?

இக்கேள்வியை என்னிடம் நேரடியாகவே கேட்ட பெண்கள் உண்டு. சமூகவியல் படித்துவிட்டு வன்னிக் கிராமங்களில் பெண்களோடு வேலை செய்துவருபவள் நான். நாங்கள் சில பேர் சேர்ந்து ஒரு மாதர் சங்கக் கட்டடத்தில் மாதம் இருமுறை கூடி வாசிக்கிறோம். வாசிக்கத் தெரிந்தவர் வாசிப்பார். மற்றவர்கள் தைத்துக்கொண்டோ பாய் இழைத்துக்கொண்டோ கேட்பார்கள். ஆங்கிலத்தில் நான் வாசித்த நூல்களின் கதையை நானே தமிழில் சொல்வேன். அவ்வாறு நாங்கள் பேசிய மூன்று நாவல்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன். மூன்றும் பெண்கள் எழுதியவை. மூன்றும் மிகப் பெரிய கொடுமைகளுக்குப் பின் உயிரோடு எஞ்சிய பெண்களைப் பற்றியவை.

மனவடு ஆறுகின்ற விதம்

உடலில் பட்ட காயம் ஆறினாலும் தழும்பு நிற்கும். மனதில் பட்ட காயத்துக்கும் அப்படித்தான். அதனால்தான் எமது நாட்டு உளநல வேலையாளர்கள் 'மனவடு' என்ற பொருத்தமான சொல்லைப் பயன்படுத்துகின்றனர். வடு மறைவதில்லை. ஆனால் வடுவோடு ஒருவர் நடக்கலாம், உழைக்கலாம், சிரிக்கவும் செய்யலாம்.

அமெரிக்க உளமருத்துவரான ஜூடித் ஹேர்மன் 1992இல் வெளியிட்ட நூலொன்றில், மனவடுவிலிருந்து மீள்வதில் மூன்று கட்டங்கள் இருப்பதாக விளக்கினார். முதலாவது பாதுகாப்பு. இரண்டாவது, நடந்ததை நினைவுகூர்ந்து துக்கம் காத்தல். மூன்றாவது, மற்றவர்களோடும் அன்றாட வாழ்வோடும் மீண்டும் இணைதல். இவை படிக்கட்டுகள் போல ஒழுங்காக வருவதில்லை. முன்னும் பின்னுமாக வரும். ஆயினும் முதலாவது இல்லாமல் இரண்டாவதுக்குப் போக முடியாது என்பது முக்கியமானது. இருக்க ஓர் இடமும், அடிக்காத ஒரு வீடும், நாளைய சாப்பாடும் நிச்சயமில்லாத பெண்ணிடம், "நடந்ததை மனம்விட்டுக் கதையுங்கள்" என்று கேட்பது உதவியாகாது. நான் கூறப்போகும் மூன்று நாவல்களும் இதைத்தான் கதையாகச் சொல்கின்றன.

கத்தியை வைத்துவிட்டு ஊசியை எடுத்தவள்

அலிஸ் வோக்கர் என்ற கறுப்பின அமெரிக்க எழுத்தாளர் 1982இல் எழுதிய 'த கலர் பேர்பிள்' நாவலுக்கு, மறு ஆண்டில் புலிட்சர் பரிசு கிடைத்தது. நாவலுக்கான அப்பரிசைப் பெற்ற முதலாவது கறுப்பினப் பெண் அவரே. 'அன்புள்ள ஏவாளுக்கு' என்ற பெயரில் இது தமிழிலும் வந்திருக்கிறது.

கதை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள ஜோர்ஜியா மாநிலத்தில் நடக்கிறது. சீலி என்ற பதினான்கு வயதுச் சிறுமி, தகப்பன் என்று அவள் நம்பியிருந்த ஆளாலேயே சீரழிக்கப்படுகிறாள். பிறந்த இரு குழந்தைகளும் அவளிடமிருந்து பறிக்கப்படுகின்றன. யாருக்கும் சொல்லக்கூடாது என்று மிரட்டப்பட்டதால் அவள் கடவுளுக்குக் கடிதம் எழுதத் தொடங்குகிறாள். நாவல் முழுவதும் கடிதங்கள்தான். பின்னர் அவளை ஒரு விதவனுக்குக் கட்டிக்கொடுக்கிறார்கள். அவனும் அடிக்கிறான். அவளுக்கிருந்த ஒரே துணையான தங்கை நெற்றியையும் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். தங்கை எழுதிய கடிதங்களைப் பல வருடங்களாகப் பெட்டியில் ஒளித்தும் வைக்கிறான்.

இந்த நாவலில் என்னை மிகவும் சிந்திக்க வைத்த இடம் ஒன்றுண்டு. அடிவாங்கியே பழகிய சீலி, தன் கணவனின் மூத்த மகனுக்கு ஒரு புத்தி சொல்கிறாள். மனைவி சோபியாவை அடக்க வேண்டுமானால் அவளை அடி என்கிறாள். இதை அறிந்த சோபியா நேரே வந்து கேட்கிறாள். சீலி வெட்கப்பட்டு, அவளைப்போல எதிர்த்து நிற்கத் தன்னால் முடியவில்லையே என்ற பொறாமையில் சொன்னதாக ஒப்புக்கொள்கிறாள். பிறகு இருவரும் சேர்ந்திருந்து துணித் துண்டுகளை இணைத்துப் போர்வை தைக்கிறார்கள். காயப்பட்ட பெண் இன்னொரு பெண்ணைக் காயப்படுத்துவது எமது வீடுகளிலும் நடப்பதுதானே? மாமியாராய், அயலவளாய், சில வேளை தாயாய்க்கூட நாம் அதைச் செய்கிறோம். அதை நேருக்கு நேர் கதைத்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்று இக்கதை காட்டுகிறது.

ஒளித்து வைக்கப்பட்ட கடிதங்கள் கிடைத்ததும் சீலிக்குக் கணவனைக் கொன்றுவிட வேண்டும் போலிருக்கிறது. அவனுக்கு முகம் மழிக்கும் சவரக்கத்தி அவளுடைய கையில்தான் இருக்கிறது. அப்போது ஷக் என்ற பாடகி, அவளுடைய தோழி, அவளைத் தடுத்துத் தைக்கச் சொல்கிறாள். சீலி காற்சட்டை தைக்கத் தொடங்குகிறாள். ஒன்று இரண்டாகி, ஊரார் கேட்க, அதுவே அவளுக்குத் தொழிலாகிறது. அவள் அந்த வீட்டைவிட்டு வெளியேறுகிறாள்.

எங்கள் வட்டத்தில் தையல் மெசின் வைத்திருக்கும் ஓர் அக்கா இதைக் கேட்டுவிட்டு, "மெசின் தந்தவை கனபேர் பிள்ளை. ஆனா பக்கத்தில இருந்து ஆறுதலாக் கதைக்க ஒரு ஷக் இல்லையே" என்றார். வாழ்வாதார உதவி என்ற பெயரில் மெசினையும் கோழிக்குஞ்சையும் கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகும் திட்டங்களைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சீலியை மீட்டது ஊசி மாத்திரமல்ல. அதை அவள் கையில் கொடுத்து, அவளும் ஒரு மனுஷி என்று நம்பவைத்த தோழியும்தான்.

பிந்தி வந்த அயலவர்கள்

டொனி மொறிசன் 1987இல் எழுதிய 'பிலவ்ட்' என்ற நாவல் 1988இல் புலிட்சர் பரிசைப் பெற்றது. மொறிசனுக்கு 1993இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசும் கிடைத்தது. இந்நாவலுக்கு மூலமாக ஓர் உண்மைச் சம்பவம் உண்டு. 1856 ஜனவரியில் மாக்கிரட் கானர் என்ற அடிமைப் பெண், உறைந்து கிடந்த ஓகாயோ ஆற்றைக் குடும்பத்துடன் கடந்து தப்பியோடினார். பிடிக்க வந்தவர்கள் வீட்டைச் சுற்றி வளைத்தபோது, பிள்ளைகள் திரும்பவும் அடிமைகளாவதைவிடச் சாவது மேல் என்று தன் சின்ன மகளைக் கொன்றார்.

நாவலில் அத்தாயின் பெயர் சேத. கதை 1873இல் தொடங்குகிறது. அடிமைமுறை ஒழிந்துவிட்டது. சண்டையும் முடிந்துவிட்டது. ஆனால் சேதவுக்கு எதுவும் முடியவில்லை. இறந்த குழந்தையின் ஆவி வீட்டில் குடியிருக்கிறது. ஆண்பிள்ளைகள் இருவரும் வீட்டைவிட்டு ஓடிவிட்டார்கள். எஞ்சியிருப்பவள் டென்வர் என்ற மகள் மட்டுமே. பின்னொரு நாள் ஓர் இளம்பெண் வந்து சேர்கிறாள். இறந்த மகளே திரும்பி வந்ததாகச் சேத நம்புகிறாள். அவளுக்குச் சமாதானம் சொல்லிச் சொல்லியே வேலையை இழக்கிறாள். ஊண் உறக்கமின்றி உருக்குலைகிறாள். இறந்த காலம் ஒரு மனுஷியை உட்கார்ந்து தின்னுகிறது.

இதிலிருந்து மீளும் வழி எங்கே ஆரம்பிக்கிறது? முற்றத்தைத் தாண்டவே பயந்த டென்வர், ஒரு நாள் படலையைத் திறந்துகொண்டு வெளியே போகிறாள். தனக்கு முன்பு எழுத்துச் சொல்லிக்கொடுத்த ஆசிரியையிடம் போய் உதவி கேட்கிறாள். அதன் பிறகு வீட்டு வாசலில் உணவு வரத் தொடங்குகிறது. யார் அனுப்பியது என்று துண்டில் பெயர் எழுதியிருக்கும். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகும் சாட்டில் டென்வருக்கு ஊர் மீண்டும் பழக்கமாகிறது. இறுதியில் முப்பது பெண்கள் அந்த வீட்டின் முன்னால் திரண்டு நின்று பிரார்த்தித்துப் பாடுகிறார்கள். அந்த ஓசையில்தான் சேதவின் பிடி தளர்கிறது.

இங்கே மறக்கக்கூடாத விடயம் ஒன்றுண்டு. பதினெட்டு வருடங்களுக்கு முன் பிடிகாரர் வந்தபோது, இதே அயலவர்கள்தான் எச்சரிக்கை செய்யாமல் இருந்தார்கள். அந்த வீட்டில் நடந்த பெரிய விருந்தைப் பார்த்த பொறாமை அவர்களுக்கு. பின்னர் சேதவை ஒதுக்கியும் வைத்தார்கள். மனவடுவை ஒரு பெண்ணின் தலைக்குள் இருக்கும் நோயாக மட்டும் பார்ப்பது தவறு என்று சமூகவியல் சொல்கிறது. சமூகம் கைவிடும்போது காயம் ஆழமாகிறது. சமூகம் கை கொடுக்கும்போது ஆறத் தொடங்குகிறது. யாழ்ப்பாணத்தின் மூத்த உளமருத்துவர் தயா சோமசுந்தரமும், எமது யுத்தம் தனிமனிதரை மாத்திரமல்ல, குடும்பம், அயல், நம்பிக்கை என்ற முழுக் கட்டமைப்பையும் காயப்படுத்தியது என்று நீண்ட காலமாக எழுதிவந்திருக்கிறார்.

முள்ளிவாய்க்காலிலிருந்து வந்த ஒரு தாய் எங்கள் வட்டத்தில் அதிகம் கதைப்பதில்லை. இக்கதை முடிந்தபோது மட்டும், "அந்தச் சனம் பிந்தித்தான் வந்தது. எண்டாலும் வந்தது தானே" என்றார். அதன் பிறகு வேறு யாரும் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

வீடு திரும்பாத பூரோ

மூன்றாவது நாவல் எமது பிராந்தியத்தைச் சேர்ந்தது. பஞ்சாபி எழுத்தாளர் அமிர்தா பிரீதம் 1950இல் எழுதிய 'பிஞ்சர்'. எலும்புக்கூடு என்று பொருள். 1947இல் இந்தியா பிரிக்கப்பட்டபோது அமிர்தாவும் லாகூரை விட்டு அகதியாக வெளியேறியவர்.

பூரோ ஓர் இந்துப் பெண். பழைய குடும்பப் பகை காரணமாக ரஷீத் என்பவன் அவளைக் கடத்திச் செல்கிறான். ஓரிரவு தப்பி ஓடிவந்து பெற்றோரின் கதவைத் தட்டுகிறாள். அவர்கள் ஏற்கவில்லை. இனி உன்னை யார் கட்டுவான், எங்களை யார் விடுவான் என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். கடத்தியவனையே மணந்து, ஹமீதா என்று பெயர் மாற்றப்பட்டு, அப்பெயர் அவளது கையில் பச்சையும் குத்தப்படுகிறது.

பிரிவினைக் காலத்தில் சுமார் 75,000 பெண்கள் கடத்தப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களை மீட்பதற்கு இரு நாடுகளும் 1947 டிசெம்பரில் உடன்பாடு செய்தன. மீட்கப்பட்ட பெண்களை ஏற்க மறுத்த குடும்பங்களும் இருந்தன. திரும்பிப் போக விரும்பாத பெண்களும் கட்டாயமாக அனுப்பப்பட்டனர். அந்தப் பெண்களின் விருப்பத்தை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

அக்கலவரத்தில் பூரோவின் சகோதரனுடைய மனைவி லாஜோ கடத்தப்படுகிறாள். பூரோ அவளைத் தேடிக் கண்டுபிடித்து, ரஷீதின் உதவியோடு மீட்டு, லாகூரில் குடும்பத்திடம் ஒப்படைக்கிறாள். அப்போது சகோதரன் அவளையும் வரும்படி அழைக்கிறான். இம்முறை கதவு திறந்திருக்கிறது. ஆனால் அவள் போகவில்லை. வீடு திரும்புகின்ற ஒவ்வொரு பெண்ணிலும் தானும் திரும்பியதாக அவள் எண்ணிக்கொள்கிறாள்.

இந்த முடிவைப் பற்றி எங்களிடையே பெரிய வாக்குவாதமே நடந்தது. கடத்தியவனோடு எப்படி இருப்பது என்று இளம் பெண்கள் கோபப்பட்டனர். அக்கோபம் நியாயமானது. ரஷீத் மனம் வருந்தினான் என்பதால் அவன் செய்த குற்றம் இல்லாமற் போகாது. ஒரு பெண் தன்னைக் கெடுத்தவனை மன்னித்தால்தான் ஆறுவாள் என்று இந்நாவலை வைத்து யாரும் சொல்லிவிடக் கூடாது. ஆனால், அன்று கதவை மூடிய குடும்பம் கூப்பிட்டவுடன் ஓடிப்போக வேண்டும் என்ற கட்டாயமும் அவளுக்கில்லை. கையில் குத்திய பெயரிலிருந்து எல்லாவற்றையும் மற்றவர்களே தீர்மானித்த வாழ்க்கையில், அந்த ஒரு முடிவை அவள் தானே எடுக்கிறாள். தனக்குக் கிடைக்காத வீடு திரும்புதலை இன்னொருத்திக்குக் கிடைக்கச் செய்ததில் அவள் மனம் ஆறுகிறது.

முடிவு தெரியாதவர்களுக்கு?

இந்த மூன்று கதைகளையும் பேசி முடித்த பிறகு, கணவரைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு சகோதரி கேட்டார்: "இவையள் எல்லாருக்கும் என்ன நடந்தது எண்டு தெரியும். செத்தது செத்தது எண்டு தெரியும். எனக்கு என்னத்தை ஆறச் சொல்லுறீங்கள்?"

இக்கேள்விக்கு எந்த நாவலிலும் முழுப் பதில் இல்லை. பவுலின் போஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், வியட்நாம் யுத்தத்தில் காணாமற்போன படையினரின் குடும்பங்களோடு 1970களில் வேலை செய்தவர். இத்தகைய இழப்பை அவர் தெளிவற்ற இழப்பு என்று அழைத்தார். சடலம் இல்லை, சடங்கு இல்லை, பொட்டு வைப்பதா விடுவதா என்றுகூடத் தெரியாது. இங்கே துக்கம் நின்றுபோவது பெண்ணின் பலவீனத்தால் அல்ல, பதில் தரப்படாததால். இப்படிப்பட்டவர்களிடம் "மறந்துவிட்டு முன்னேறுங்கள்" என்று சொல்வது பொருந்தாது. தேடுதலும் வாழ்தலும் ஒரே நேரத்தில் நடக்கலாம் என்பது அவருடைய கருத்து.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மாரைப் பாருங்கள். மனம் ஆறட்டும் என்று வீட்டில் இருந்துவிடவில்லை. படத்தைக் கையில் ஏந்தி ஒன்றாக இருந்தார்கள், சமைத்தார்கள், ஒருவரையொருவர் பராமரித்தார்கள். உண்மையைக் கேட்பதும் ஆறுதலின் ஒரு பகுதிதான். கதைகளையும் உளவளத்துணையையும் காட்டி அந்தக் கேள்வியை யாரும் அமத்திவிட முடியாது.

சீலியின் கதையில் இதற்கு நெருங்கிய ஓர் இடமுண்டு. தங்கை வந்த கப்பல் மூழ்கிவிட்டதாகத் தந்தி வருகிறது. சீலி நம்பவில்லை, தங்கைக்குக் கடிதம் எழுதிக்கொண்டேயிருக்கிறாள். கடைசியில் தங்கை வந்துவிடுகிறாள். அது நாவல். எமக்கு அப்படி நடக்கும் என்று என்னால் வாக்குத்தர முடியாது என்று அந்தச் சகோதரிக்குச் சொன்னேன். ஆனால் இன்னொன்றையும் சொன்னேன். தங்கை வரும்வரை சீலி வாழ்க்கையை நிறுத்தி வைக்கவில்லை. கடிதமும் எழுதினாள், தொழிலும் செய்தாள், சிநேகிதிகளோடு சிரித்தாள். அவள் சிரித்ததால் தங்கையை மறந்தாள் என்று ஆகவில்லை. சகோதரி உடனே ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வந்திருந்தார். வரும்போது எல்லோருக்கும் கச்சான் வறுத்துக் கொண்டுவந்திருந்தார்.

வாசிக்கும்போது கவனிக்க வேண்டியவை

உங்கள் ஊரிலும் இப்படியொரு வட்டத்தைத் தொடங்க விரும்பினால், எமது அனுபவத்திலிருந்து சிலவற்றைக் கூறலாம்.

முதலில், தூரத்துக் கதைகளிலிருந்து தொடங்குங்கள். எமது யுத்தத்தைப் பற்றியும் நாவல்கள் வந்துள்ளன. தமிழ்க்கவியின் 'ஊழிக்காலம்' உண்டு. 1980களின் யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படிக்கும் தமிழ்ப் பெண்ணொருத்தியைப் பற்றி வி.வி. கணேஷானந்தன் ஆங்கிலத்தில் எழுதிய 'பிரதர்லெஸ் நைட்' 2024இல் பெண்களுக்கான புனைகதைப் பரிசை வென்றது. இவை முக்கியமானவை. ஆனாலும் சிலருக்கு இவை பழைய நாட்களைத் திடீரென்று கண்முன் கொண்டுவந்துவிடும். அமெரிக்கக் கதையென்றால் சற்றுத் தள்ளிநின்று பார்க்கலாம். விரும்பியபோது தன் கதைக்கு வரலாம்.

இரண்டாவது, யாரையும் தன் கதையைச் சொல்லும்படி வற்புறுத்த வேண்டாம். ஆழிப்பேரலைக்குப் பின்னும் யுத்தத்துக்குப் பின்னும், வந்தவர் போனவரெல்லாம் பெண்களை அழவைத்துக் குறிப்பெடுத்துக்கொண்டு போன காலம் ஒன்றிருந்தது. ஒரேயடியாகக் கிளறிக் கதைக்கவைப்பது நன்மை தராது என்று உலக சுகாதார நிறுவனமும் கூறுகிறது. கதை கேட்டுவிட்டுச் சும்மா எழுந்து போகவும் உரிமையுண்டு.

மூன்றாவது, வட்டத்தில் கேட்டது வட்டத்துக்குள் இருக்க வேண்டும். கிணற்றடிக்குப் போனால் நம்பிக்கை போய்விடும்.

நான்காவது, இரவில் தனியே வாசிக்கும்போது நெஞ்சு படபடத்தால், பழைய சத்தங்கள் கேட்பது போலிருந்தால், புத்தகத்தை மூடி வையுங்கள். வெளியே வந்து முகம் கழுவுங்கள், பக்கத்தில் உள்ளவரைக் கூப்பிடுங்கள். பல நாட்கள் நித்திரை இல்லை, சாக வேண்டும் போலிருக்கிறது என்றால், புத்தகம் அதற்கு மருந்தல்ல. அண்மையிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகலாம். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும், வீட்டில் அடி உதை என்றால் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். அப்படிப் போவது பைத்தியம் என்று அர்த்தமல்ல. காய்ச்சலுக்குப் போவதைப் போலத்தான்.

அன்பான சகோதரிகளே, சீலியும் சேதவும் பூரோவும் எமது மொழி பேசியவர்களல்லர். எமது நாட்டை அறிந்தவர்களுமல்லர். ஆயினும் அவர்களில் ஒருத்திகூடத் தனியே ஆறவில்லை. ஒரு தோழி, ஒரு மகள், முப்பது அயலவர்கள், மீட்கப்பட்ட ஒரு மச்சாள் என்று யாரோ ஒருவர் பக்கத்தில் இருந்தார்கள். உங்கள் தெருவிலும் பூட்டிய கதவுக்குள் ஒருத்தி இருக்கக்கூடும். பெரிய ஆலோசனைகள் தேவையில்லை. ஒரு கோப்பையில் கறியை ஊற்றிக்கொண்டு போய்ப் படலையில் நின்று கூப்பிடுங்கள். கோப்பையைத் திருப்பித் தரவாவது அவள் ஒரு நாள் வெளியே வருவாள்.